கிணற்றின் மேல் கிடந்த முன் ஷாஃப்ட்

ஏலத்தில் எடுத்த மிலிட்டரி லாரி எங்கள் பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் தேங்காய் உடைப்போம். அடுத்து முன் ஷாஃப்டைக் கழற்றுவோம். கழற்றியதை என் மச்சான் தோளில் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் சாத்துவான். இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. பச்சைப் பெயிண்டைச் சுரண்டுவது, பின்னால் பாடி கட்டுவது, பிரேக் பார்ப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முன் ஷாஃப்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாதாரண லாரிக்குப் பின் சக்கரம்தான் தள்ளும், முன் சக்கரம் சும்மா கூடவே உருளும். பட்டாளத்து வண்டிக்கு நாலு சக்கரமும் வேலை செய்யும். வண்டிக்கு நடுவயிற்றில் ஒரு பெட்டி உண்டு. இன்ஜினின் சுழற்சியை அது இரண்டாகப் பிரித்து, பின்னால் ஒரு ஷாஃப்ட், முன்னால் ஒரு ஷாஃப்ட் என்று அனுப்பும். பாலைவனத்திலும் காட்டாற்றிலும் போகிறவர்களுக்கு அது வேண்டும். பூந்தமல்லி ரோட்டில் தவிட்டு மூட்டை ஏற்றிப் போகிறவனுக்கு எதற்கு? பெட்ரோலைக் குடிக்கும், டயரைத் தின்னும். அதனால் ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் யார் மிலிட்டரி வண்டி எடுத்தாலும் முதல் வேலையாக அந்த ஷாஃப்டைக் கழற்றச் சொல்லிவிடுவார்கள். கழற்றாத வண்டியைப் பார்த்தால் சொந்தக்காரனுக்கு விவரம் போதாது என்று சிரிப்பார்கள்.

கழற்றிய ஷாஃப்ட் மச்சானுக்கு. என் மனைவியின் தம்பி அவன், வெல்டிங் வேலை, பாடி கட்டும் வேலை எல்லாம் அவனுடையது. பருத்திப்பட்டுப் பக்கம் ரோட்டோரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டுப் பட்டறை ஆரம்பித்த அன்றைக்கே அப்படிப் பேசிக்கொண்டோம். நல்ல கனத்த இரும்புக் குழாய், இரண்டு பக்கமும் போல்ட் போட ஓட்டையோடு வட்டத் தட்டு. வாங்க ஆள் தானாக வரும். டீக்கடைப் பந்தலுக்குக் கால், கேட்டுக்குத் தூண், துணி காயப்போடக் கம்பம். ஆவடியிலிருந்து திருநின்றவூர் வரை ரயிலில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே போனால் மச்சான் விற்ற ஷாஃப்ட் ஏதாவது ஒன்று கண்ணில் படாமல் இருக்காது. அவனும் எது எங்கே நிற்கிறது என்று பெற்ற பிள்ளைகளைச் சொல்வது போலச் சொல்லுவான்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா அடுத்தவர் வயலில் நாற்று நட்டார். தொழிற்சாலைகள் வந்து வயல் போனதும் அந்த வேலையும் போயிற்று. நான் ஏலம் விடுகிற இடத்தில் பழைய இரும்பு ஏற்றும் கூலியாகப் போனேன். ஏற்றியதை எல்லாம் பிரித்துப் பார்த்து, பிரித்ததை எல்லாம் மாட்டிப் பார்த்து, ஆறேழு வருஷத்தில் மேஸ்திரி ஆகிவிட்டேன். தொழில் விஷயத்தில் எனக்கு அடக்கம் கிடையாது. சப்பை மூக்கு வண்டி என்று நாங்கள் சொல்லுகிற அந்தத் தட்டை முகக் கனடா லாரியை என்னை விட நன்றாகத் தெரிந்தவன் அன்றைக்கு இந்தப் பக்கத்தில் இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இரண்டு விஷயத்தில் நான் யார் பேச்சையும் கேட்க மாட்டேன். ஒன்று, முன் ஆக்சிலுக்கு எண்ணெய். ஷாஃப்டைக் கழற்றினாலும் முன் சக்கரம் உருளுகிறது அல்லவா, அதோடு உள்ளே இருக்கிற பல் சக்கரமும் சுற்றத்தானே செய்யும்? எண்ணெய் இல்லாவிட்டால் தன்னைத்தானே தின்றுவிடும். வாங்குகிறவர்களுக்கு இது புரியாது. "ஷாஃப்டையே கழட்டிட்ட, அதுக்கு இன்னாத்துக்குபா எண்ண?" என்று முறைத்துக்கொள்வார்கள். "ஊத்தாம வண்டி வெளிய போவாது" என்பேன். முழு அளவு ஊற்றித்தான் அனுப்புவேன்.

இன்னொன்று என் ஸ்பானர்கள். ஏலத்தில் வந்த வண்டி ஒன்றின் சீட்டுக்கு அடியில் கித்தான் சுருளில் கிடைத்த செட் அது. ஒவ்வொரு ஸ்பானருக்கும் தனித்தனிப் பை தைத்திருக்கும். நம் ஊர்க் கடையில் கிடைக்காத அளவு. அதில் ஒன்றை நானே கல்லில் தேய்த்துத் தேய்த்து மெல்லியதாக்கி வைத்திருந்தேன். முன் ஷாஃப்டை நடுப்பெட்டியோடு இறுக்குகிற போல்ட்டுக்குப் பக்கத்தில் விரல் நுழையவும் இடமிருக்காது. சாதாரண ஸ்பானர் போகாது, இது போகும். அந்தச் சுருளை நான் தவிர யாரும் தொடக்கூடாது. மச்சான் ஒருமுறை அதிலிருந்து ஒன்றை எடுத்து ஆணி அடித்துவிட்டான். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பட்டறையில் என்ன வேலை நடக்க வேண்டுமென்பதை என் மனைவிதான் இரண்டு பேருக்கும் சோறு போடும்போது சொல்லிக்கொண்டிருந்தாள்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு அம்மா எங்களிடம் சப்பை மூக்கு வண்டி ஒன்று எடுத்தார். திருநின்றவூர் ஏரிக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளை வைத்திருந்தார். சின்ன வயதில் அடுத்தவர் சூளையில் மண் மிதித்தவர், செங்கல் அறுத்தவர். கணவர் போன பிறகு சூளையில் ஒரு மூலையைக் குத்தகைக்குப் பிடித்து, அப்புறம் தனியாகவே ஒன்று போட்டார். எங்கள் லாரி வாங்குவதற்காக இரண்டு ஜோடி மாட்டையும் வண்டிகளையும் விற்றார். கழுத்தில் காதில் இருந்ததும் போயிற்று. லாரியை எடுத்துப் போக வந்தவர் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "தேவ இல்லாத பாரம் எதுனா கீதா? எல்லாத்தையும் எறக்கிடு மேஸ்திரி. அந்த எடத்துக்கும் நான் கல்லு ஏத்துவேன்" என்றார். முன் ஷாஃப்ட் ஏற்கெனவே சுவரோரம் போயிருந்தது. அதை இயக்குகிற லீவர் மட்டும் கியருக்குப் பக்கத்தில் சும்மா நின்றது. மறுவாரம் பார்த்தபோது அதில் சாப்பாட்டுப் பையை மாட்டியிருந்தார். ரோட்டுக்கு டிரைவர் ஒருவனை வைத்திருந்தார், ஆனால் சூளையைச் சுற்றியும் ஏரிக்குள்ளும் அவரேதான் ஓட்டுவார்.

கோடையில் ஏரி காய்ந்ததும் உள்ளே இறங்கி வண்டல் அள்ளுவார்கள். மழைக்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். எத்தனை லோடு முடியுமோ அத்தனை அள்ளிவிட வேண்டுமென்று எல்லாருக்கும் ஆசை இருக்கும்.

ஐப்பசி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருக்கிறேன், சூளைக்காரம்மா பட்டறை வாசலில் வந்து நின்றார். முதல் பாசஞ்சரில் ஏறி ஆவடியில் இறங்கி நடந்தே வந்திருக்கிறார். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது.

"வண்டி ஏரிக்குள்ள மாட்டிக்கினு கீது மேஸ்திரி" என்றார்.

"எப்ப யக்கா?"

"நேத்து சாயங்காலம். கடைசி லோடு. மழை புட்ச்சிக்கிச்சு. மண்ண எல்லாம் கீழ தள்ளிட்டோம், அப்பவும் ஏறல. பின் சக்கரம் சுத்த சுத்த உள்ள போவுது."

"மாடு கட்னீங்களா?"

"ரெண்டு ஜோடி கட்டியாச்சு. வடம் அறுந்துச்சு. இனிமே மாட்ட எறக்க மாட்டேன்னு மாட்டுக்காரன் பூட்டான்."

வரத்துக் கால்வாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன். கணுக்கால் அளவு வந்துகொண்டிருக்கிறது என்றார். மேற்கே மழை பலமாம், நாளைக்குள் ஏரி நிறைந்துவிடும் என்கிறார்களாம். இன்ஜினும் பெட்டியும் தண்ணீருக்குள் போய்விட்டால் அந்த வண்டியில் மிஞ்சுவது பழைய இரும்புதான். அது அவருக்கும் தெரியும்.

"வண்டி பூட்ச்சுன்னா நான் மறுபடியும் அடுத்தவன் சூளையில மண்ணு மெறிக்கப் போவணும். மாடும் இல்ல இப்ப. அவ்ளோதான் விஷயம்" என்றார். குரலில் அழுகை இல்லை.

எனக்கு வருத்தம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். மழையைத் திட்டினேன், மாட்டுக்காரனைத் திட்டினேன். திட்டிக்கொண்டே யோசித்தேன். இழுக்க வேறு வண்டி கிடையாது. ஆவடிப் பட்டாளத்து டிப்போவில் இருக்கிற பெரிய இழுவை வண்டி சர்க்கார் வண்டி, தனியார் வேலைக்கு வராது, கேட்பதும் முறையில்லை. பட்டறையில் நின்ற வண்டிகளில் ஒன்றுக்கு இன்ஜின் இல்லை, இன்னொன்றுக்கும் முன் ஷாஃப்ட் போய்விட்டது, இறக்கினால் அதுவும் சேற்றில் மாட்டிக்கொள்ளும். ஏரியிலிருந்து அந்த வண்டி தானாகத்தான் ஏற வேண்டும். அதற்கு முன் சக்கரமும் இழுக்க வேண்டும். அதற்கு முன் ஷாஃப்ட் வேண்டும்.

சுவரோரம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கடைசியாக இருந்ததை மச்சான் முந்தின வாரம்தான் விற்றிருந்தான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகளாகவே வாங்கி வாங்கி, ஊர் முழுவதும் ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டிகளாக ஆக்கி விட்டிருக்கிறோம், ஒரு ஷாஃப்டுக்கு வழியில்லை. இந்த வேடிக்கை வேறு எந்த ஊரிலும் நடந்திருக்காது.

"டேய், சப்ப மூக்கு ஷாஃப்டு எங்கெங்க நிக்குது?"

"எதுக்கு மாமா?"

"பேந்தப் பேந்த முழிக்காத. வண்டில ஏறு."

எங்களிடம் ஏலத்தில் வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று, பக்கத்தில் தொட்டி வைத்தது, இருந்தது. தொட்டிக்குள் சூளைக்காரம்மா, அவர் காலடியில் என் ஸ்பானர் சுருள், மண்ணெண்ணெய், சுத்தியல். பின்னால் மச்சான். தூறலில் கிளம்பினோம்.

முதலில் பட்டாபிராமில் ஒரு டீக்கடை. பந்தலின் முன்கால் எங்கள் ஷாஃப்ட்தான். பார்த்ததுமே எனக்கு உதைத்தது, உயரம் குறைவாக இருந்தது. "டார்ப்பா சரியா ஒக்கார்ல அண்ணாத்தே, ஒரு மொழம் அறுத்துட்டேன்" என்றார் கடைக்காரர், நல்ல வேலை செய்த திருப்தியோடு. மச்சான் என் காதருகே வந்து, அது இந்த அம்மாவின் வண்டியில் கழற்றியதுதான் என்றான். நான் அவனைப் பார்த்தேன். அவன் டீ கிளாஸைப் பார்த்தான்.

அடுத்தது ஒரு அரிசி மில்லின் கேட். ஷாஃப்ட் முழுசாக இருந்தது, ஆனால் மேலும் கீழும் வெல்டிங். மச்சான் அந்த வெல்டிங்கைத் தடவிப் பார்த்தான். "இது நான் வெச்சது மாமா. பிரிக்கறதுன்னா கொழாயோட சேத்துத்தான் அறுக்கணும். வுடாது" என்றான். அந்த நேரத்திலும் அவன் முகத்தில் ஒரு பெருமிதம். எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, வெல்டிங்கைப் பாராட்ட வேண்டும் போலவும் இருந்தது. சூளைக்காரம்மா தொட்டியை விட்டு இறங்கவே இல்லை. "அடுத்து எங்க?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்தது திருநின்றவூரில் ஒரு புதுத் தெரு. மனை மலிவென்று வந்து குடிசையும் ஓட்டு வீடுமாகக் கட்டிக்கொண்டவர்கள். தெருவுக்கெல்லாம் சேர்த்து ஒரே கிணறு. இரண்டு பக்கத் தூணுக்கு நடுவே குறுக்குச் சட்டமாக எங்கள் ஷாஃப்ட் கிடந்தது, அதில் கப்பி தொங்கியது. இரண்டு முனையிலும் அதன் சொந்த ஓட்டையிலேயே போல்ட் போட்டிருந்தான் மச்சான். அறுக்கவில்லை, வெல்டிங் வைக்கவில்லை. சிவப்புப் பெயிண்ட் அடித்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தார்கள். மழைநாளிலும் குடங்கள் வரிசையில் நின்றன.

கிணற்றைக் கவனித்துக்கொண்டவர் ஆவடியில் பட்டாளத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற ஒரு திருநெல்வேலிக்காரர். ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கப் போகிற நேரம். விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்த அம்மாவின் முழங்கால் சேற்றைப் பார்த்தார், மேலே ஷாஃப்டைப் பார்த்தார்.

"அது சரிவே. நீரு தூக்கிட்டுப் போயிருவீரு. தெரு சனம் தண்ணிக்கு என்ன செய்யும்?"

"சாயங்காலத்துக்குள்ள திரும்பக் கொண்டாந்து மாட்டிடறேன்."

"அதுவரைக்கும்?"

அதற்குள் அவருடைய மனைவி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு மச்சானைக் கைகாட்டினார். "வித்தது இந்த அண்ணாச்சிதான? இவரு இங்க நிக்கட்டும். கயித்தப் புடிச்சி எறச்சுக் குடுக்கட்டும்."

வரிசையில் நின்ற பெண்களுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. மச்சான் என்னைப் பார்த்து, "மாமா..." என்று இழுத்தான். கப்பி இல்லாமல் கையால் இறைப்பது என்னவென்று அவனுக்குத் தெரியும்.

"நில்லு" என்றேன்.

கழற்றி எடுத்தபோது ஒரு புதுச் சங்கடம். இந்த ஷாஃப்ட் இரண்டு துண்டு, ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிக்கொண்டு நீளவும் சுருங்கவும் வேண்டும். அப்போதுதான் வண்டியில் உட்காரும். கிணற்று ஈரமும் பெயிண்டும் சேர்ந்து அதை ஒரே துண்டாக ஆக்கிவிட்டிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றித் தட்டினேன், அசையவில்லை.

"சூடு காட்னா வருமா?" என்று கேட்டார் சூளைக்காரம்மா.

"வரும். அவ்ளோ சூட்டுக்கு இப்ப எங்க போறது?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சூளைக்காரியிடம் போய் நெருப்புக்கு வழி கேட்டிருக்கிறேன்.

சூளையில் வேகவைத்த கல் ஆறிக்கொண்டிருந்தது, அடுப்பு வாயில் கங்கு அப்படியே கனன்றது. ஷாஃப்டின் நடுப்பகுதி மட்டும் படுகிற மாதிரி நீட்டினோம். முனைகளில் ஈரச் சாக்கைச் சுற்றினேன், அங்கே மூட்டுக்குள் இருக்கிற பேரிங் உருளைகள் வெந்துவிடக் கூடாது. பெயிண்ட் கொப்பளித்தது, மஞ்சள் கருகியது. வெளியே எடுத்து இரண்டு அடி கொடுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இனிக்கும்.

ஏரிக்குள் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பின் சக்கரம் ஆக்சில் வரை சேற்றுக்குள். கால்வாயிலிருந்து வந்த தண்ணீர் பழுப்பாகப் பரவி, வண்டிக்குக் கொஞ்சம் தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. மண்வெட்டியால் அடியில் பள்ளம் பறித்து, கோணிச் சாக்கை விரித்து நான் மல்லாந்து படுத்தேன். சூளைக்காரம்மாவும் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டார்.

"நீங்க எதுக்கு யக்கா?"

"போல்ட்டு எடுத்துக் குடுக்க ஆள் வேணாமா? மச்சான் அங்க தண்ணி எறைக்கிறாரு."

நடுப்பெட்டியின் முன்வாயை நான் தகரம் வைத்து மூடியிருந்தேன். திறந்து பார்த்தால் அன்றைக்கு வைத்த கிரீஸ் அப்படியே இருந்தது. எனக்கே என் மேல் மரியாதை வந்தது. ஷாஃப்டை உள்ளே ஏற்றி, முன் ஆக்சில் பக்கம் இரண்டு போல்ட் பிடித்து, பிறகு நடுப்பெட்டிப் பக்கம் மெல்லிய ஸ்பானரை நுழைத்து இறுக்கினேன். அந்த அம்மா ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தப் போல்ட் ஏன் முதலில், அது ஏன் கடைசியில் என்று கேட்டார். சேறு வாய்க்குள் வந்தாலும் பதில் சொன்னேன்.

வெளியே வந்தபோது சூளை ஆட்கள் கரையிலிருந்து வரிசையாக நின்று செங்கல் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். வெந்து முடிந்த நல்ல கல். அதை முன் சக்கரத்துக்கு முன்னால் இரண்டு தடமாகக் கரை வரைக்கும் பரப்பச் சொல்லியிருந்தார் அந்த அம்மா. பட்டாளத்துச் சேற்று டயரையும் நாங்கள் எப்போதோ மாற்றி வழவழப்பான ரோட்டு டயர் போட்டிருந்தோம். அதனால் நாலு டயரிலும் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றிக் கட்டினேன்.

சூளைக்காரம்மா ஏறி உட்கார்ந்தார். லீவரில் தொங்கிய சாப்பாட்டுப் பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். லீவர் அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு, சுத்தியல் பிடியால் நெம்பினேன். டொக்கென்று தன் இடத்தில் விழுந்தது.

"மொத கியர்லயே போங்க. உறுமாதீங்க."

"தெரியும்."

கிளட்ச்சை விட்டார். பின் சக்கரம் சேற்றை வாரி என் மேல் அடித்தது. வண்டி நடுங்கியது, நகரவில்லை. அப்போது முன் சக்கரம் மெதுவாகச் சுற்றியது. சுற்றியது! கயிறு செங்கல்லைக் கடித்தது. முதல் கல் நொறுங்கியது, அடுத்ததும் நொறுங்கியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டு வண்டி மூக்கைத் தூக்கியது. அப்புறம் நிற்கவே இல்லை. செங்கல்லை மென்றுகொண்டே, எருமை குட்டையிலிருந்து ஏறுகிற மாதிரி அவசரமில்லாமல் கரை ஏறியது.

நான் பின்னாலேயே ஓடினேன். கரையில் வண்டி நின்றதும் முதலில் முன் ஆக்சிலைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அடைப்பைத் திறந்து விரல் விட்டேன். எண்ணெய் சுத்தமாக இருந்தது. எதற்கு எண்ணெய் என்று கேட்ட எல்லாரையும் அந்தக் கரையில் வரிசையாக நிற்க வைக்க வேண்டும் போல இருந்தது. அப்புறம் அழுகை வந்துவிட்டது. மழைத்தண்ணீர் என்று நான் சமாளிக்கவில்லை. அழுதேன்.

சூளைக்காரம்மா வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தார். முந்தானையால் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டார். "மாட்ட வித்தப்பக்கூட நான் பயந்துக்கல மேஸ்திரி. நேத்துதான் மொத தபா பயந்தேன்" என்றார். கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தார். வண்டி நின்ற பள்ளத்துக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு எழுந்தார். "கழட்டு" என்றார்.

"இருங்க யக்கா. சூளைக்குப் போற வழியும் சேறுதான். வண்டிய ஊட்டாண்ட வுட்டுட்டு அப்பறம் கழட்டிக்கலாம்."

"வேணாம். அந்தத் தெருவுல கொடத்த வெச்சிகினு நின்னுகினு இருப்பாங்க. வண்டி கரை மேல கீது, அதுக்கு இனிமே ஒண்ணும் ஆவாது. கழட்டு."

கழற்றினேன். இந்தமுறை நடுப்பெட்டிப் பக்கத்துப் போல்ட் இரண்டை அவர் கழற்றினார். ஸ்பானரை என் கையிலிருந்து அவர் வாங்கியதை நான் கவனிக்கவே இல்லை. கவனித்தபோது இரண்டு போல்ட்டும் வந்துவிட்டிருந்தன.

திருநின்றவூர்த் தெருவுக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்கிற நேரம். மச்சான் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு இறைத்துக்கொண்டிருந்தான். உள்ளங்கை கொப்புளித்து உடைந்திருந்தது. தெருப் பெண்கள் அவனுக்குச் சோறு போட்டிருந்தார்கள், அவனை வைத்துச் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "வண்டி?"

"ஏறிடுச்சு."

கயிற்றை விட்டுவிட்டு அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்தான். சூளைக்காரம்மா கயிற்றை எடுத்து, பாதியில் நின்ற குடத்தை நிரப்பிக் கொடுத்தார். நான் ஷாஃப்டை மாட்டினேன். திருநெல்வேலிக்காரரின் மனைவி கருகிய இடத்தைத் துடைத்து மறுபடியும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தார். கப்பி சுற்றியது.

அடுத்த ஏலத்தில் ஒரு சப்பை மூக்கு வந்தது. தேங்காய் உடைத்தோம். ஷாஃப்டைக் கழற்றினேன். மச்சான் வழக்கம் போல் தோளில் தூக்கினான். ஆனால் சுவர்ப் பக்கம் போகவில்லை. மண்ணெண்ணெயில் துடைத்து, கிரீஸ் வைத்து, சாக்கில் சுற்றித் தனியாக வைத்தான். வாங்க வந்த ஒரு ஆளிடம் அது விற்கிறதில்லை என்றான்.

சில நாள் கழித்து சூளைக்காரம்மா லாரியோடு வந்தார், நிறையச் செங்கல். எங்கள் கொட்டகைத் தரைக்கு என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன், அதற்குள் ஆட்கள் இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். மச்சான் அந்தச் சாக்கை எடுத்து வந்து, ஷாஃப்டை வண்டிக்கு அடியில் சட்டத்தோடு சேர்த்து டயர் டியூப் துண்டும் கம்பியும் வைத்துக் கட்டினான். ரோட்டில் போகும்போது பெட்ரோலும் குடிக்காது, ஏரியில் இறங்கும்போது கூடவே இருக்கும். அதற்குப் பிறகு எங்கள் பட்டறையிலிருந்து வெளியே போன ஒவ்வொரு வண்டிக்கும் அப்படித்தான் கட்டி அனுப்பினான். தன் பங்கு என்ற பேச்சையே அவன் எடுக்கவில்லை.

"ஏரிக்குள்ள எறங்கறதுக்கு மொதல்ல ஆள் அனுப்பு யக்கா. நான் வந்து மாட்டித் தரேன்" என்றான்.

"நீ எதுக்கு வரணும்? மாட்டறத பக்கத்துல படுத்து பாத்தேனே. ஸ்பானர ஒண்டி குடு."

மச்சான் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். மறுபடியும் கொஞ்ச காலம் என் மனைவி வழியாகத்தான் பேச வேண்டியிருக்குமோ என்று பயந்திருப்பான்.

நான் கித்தான் சுருளை விரித்தேன். மெல்லிய ஸ்பானரை உருவி, துணியில் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். எப்படிப் பிடிக்க வேண்டுமென்று சொல்ல ஆரம்பித்தேன். "தெரியும்" என்றார். அதைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு, பையைப் பழையபடி லீவரில் மாட்டினார்.

அந்த வண்டி ஓடிய வரைக்கும், ஒவ்வொரு கோடையிலும் ஏரி காய்ந்ததும் அவரே அடியில் படுத்து ஷாஃப்டை மாட்டுவார், மழை வந்ததும் கழற்றிக் கட்டிவிடுவார். ஒருமுறைகூட ஆள் அனுப்பவில்லை. ஸ்பானரைத் திருப்பிக் கேட்க எனக்கும் தோன்றவில்லை. எனக்காக இன்னொன்றைத் தேய்த்துச் செய்துகொண்டேன், அதைச் சட்டைப் பையில்தான் வைத்துக்கொள்வேன். கித்தான் சுருளில் அந்த இடத்தில் எதையும் செருகவில்லை. செருகப் போன மச்சானையும் விடவில்லை, அது அந்த அம்மாவின் இடம் என்றேன்.